மோடம் அறையில் நான் சொன்ன பொய்

உனக்கு நான் இதுவரை ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. நீ ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை போன்தான். இப்போது ஒரே வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருக்கும்போது பேனாவை எடுத்திருக்கிறேன். நேரில் சொன்னால் பாதியிலேயே நீ எழுந்து போய்விடுவாய், அல்லது நான் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இதை நீ கட்டிக்கொள்ளப் போகிற தாரிணியும் படிக்கட்டும். வேறு யார் கையில் கிடைத்தாலும் எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. மறைத்தது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ சொன்னாய், "தாரிணிக்கு ஜெர்மனி ப்ராஜெக்ட் கிடைச்சிருக்கும்மா. ஒரு வருஷம். கல்யாணம் முடிஞ்ச கையோட எதுக்கு, போக வேணாம்னு சொல்லலாம்னு இருக்கேன்." உன் அப்பா "அதான் சரி" என்று மோரை ஊற்றிக்கொண்டார். நான்தான் கேட்டேன், "ஒரே ஆபீஸ்தானே, உன் பேரும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு இல்ல?" நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "இருந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்" என்று சிரித்தாய். மூக்கும் முழியும் உனக்கு உன் அப்பாவுடையது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் என்னுடையது. அதை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். அதைப் பல மாதம் முகத்தில் ஒட்டிக்கொண்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய் வந்தவள் நான்.

ஜரீனா ஆன்ட்டியை உனக்கு நினைவிருக்கும். பத்திரிகை வைக்கும் பட்டியலில் நீயே அவள் பெயரை எழுதியிருந்ததைப் பார்த்தேன். நம் வீட்டுக்கு வருவதை அவள் ஏன் நிறுத்தினாள் என்று சின்ன வயதில் நீ இரண்டு மூன்று முறை கேட்டாய். "அவங்களுக்கு வேற வேலை கிடைச்சிடுச்சு" என்று சொல்லி வைத்தேன். அது உண்மையில் ஒரு சின்னத் துண்டு. மீதியை இப்போது சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் பாலிடெக்னிக் முடித்த கையோடு நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தோம். ஆபீஸ்களுக்கான சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்கிற இடம். நான் ஆவடி ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பெண் பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதுதான் அழகு என்று நினைத்த வீடு. ஜரீனா பூந்தமல்லி. அவள் வாப்பா பஜாரில் பூட்டும் ஸ்டவ்வும் ரிப்பேர் செய்கிறவர். அவளுக்கு எதையாவது கையில் எடுத்தால் திறந்து பார்க்காமல் வைக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் சர்க்யூட் போர்டுகளில் சால்டரிங் செய்தோம். என் டிபன் பாக்ஸை அவள் திறப்பாள், அவளுடையதை நான் திறப்பேன். நீ பிறந்து நான் லீவில் இருந்தபோது என் போர்டுகளையும் சேர்த்து முடித்து என் பெயரிலேயே கணக்குக் காட்டியவள் அவள். அப்போதும் எனக்கு அவள் மேல் ஒரு முள் உண்டு. என் சால்டரிங் அவளுடையதைவிடச் சுத்தமாக இருக்கும், சூப்பர்வைசரே சொல்வார். ஆனால் ஒரு போர்டு வேலை செய்யவில்லை என்றால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கம்பெனி படுத்துவிட்டது. அதே எஸ்டேட்டில், இரண்டு தெரு தள்ளி, தனியார் இன்டர்நெட் கம்பெனி ஒன்று புதிதாக ஆரம்பித்தார்கள். டெலிபோன் வேலை தெரிந்தவர்கள் வேண்டும் என்று எங்கள் இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். உனக்கு இன்டர்நெட் என்றால் குழாயைத் திறந்தால் தண்ணீர் மாதிரி. அப்போது அப்படி இல்லை. வீட்டு டெலிபோனிலிருந்து கம்ப்யூட்டர் எங்கள் நம்பருக்கு டயல் செய்யும். கீச்சென்று ஒரு கத்தல், அப்புறம் கரகரவென்று ஒரு இரைச்சல், அப்புறம்தான் இணைப்பு. அந்தக் கத்தலுக்கு இந்தப் பக்கம் யார் பதில் சொல்வது? அதற்குத்தான் எங்கள் மாடி அறையில் ஒரு இயந்திரம் இருந்தது. ஆக்சஸ் சர்வர் என்று பெயர். நாங்கள் பெட்டி என்போம்.

அது வந்திறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மரப்பெட்டியை உடைத்து, தெர்மாகோலை எடுத்து, நாலு பேர் தூக்கி ரேக்கில் ஏற்றினார்கள். வெறும் இரும்புக் கூடு. முன்னால் புத்தக அலமாரி மாதிரி வரிசையாகச் சந்துகள். ஒவ்வொரு சந்திலும் ஒரு கார்டைத் தள்ளிச் சொருகித் திருக வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் தடித்த கேபிள்கள் ட்ரங்க் கார்டில் வந்து சேரும். ஒரு கேபிளுக்குள் முப்பது பேரின் அழைப்பு வரும். அதைப் பிரித்து மோடம் கார்டுகளுக்கு அனுப்பும். ஒவ்வொரு மோடம் கார்டிலும் சின்னச் சின்ன மோடம்கள் தீப்பெட்டி அடுக்கினாற்போல் வரிசையாக இருக்கும். நடுவில் எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் மூளை கார்டு. கீழே இரண்டு பவர் சப்ளை, ஒன்று செத்தால் மற்றது தாங்கும். அதற்கும் கீழே ஒரு தட்டு நிறைய மின்விசிறிகள். அந்த விசிறிகள் கீழிருந்து காற்றை மேலே தள்ளி எல்லா கார்டுகளுக்கு இடையிலும் ஓட வைக்கும். கார்டு இல்லாத காலிச் சந்துகளை ஒரு இரும்புத் தகட்டால் மூடி வைக்க வேண்டும். திறந்திருந்தால் காற்று அந்த ஓட்டை வழியாகவே வெளியே போய்விடும், பக்கத்துக் கார்டுகளுக்குப் போய்ச் சேராது, அவை சூடேறிச் சுருண்டுவிடும். இந்தத் தகட்டை நன்றாக மனதில் வைத்துக்கொள். நான் செய்தது முழுக்க அதைச் சுற்றித்தான்.

பெட்டியை நிறுவ வந்த இன்ஜினியர் மூன்று நாள் இருந்தார். நான் நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினேன், படம்கூடப் போட்டேன். ஜரீனா எதையும் எழுதவில்லை. கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள். "சார், இந்த விசிறித் தட்ட பெட்டி ஓடும்போதே உருவலாமா? எவ்ளோ நேரம் தாங்கும்?" இப்படி. அவர் போகும்போது மீந்த சாமான்களை எங்களிடம் கொடுத்தார். அவற்றில் உபரித் தகடுகள் இரண்டு இருந்தன. ஜரீனா அவற்றை வாங்கி என் கையில் கொடுத்து, "இத்த நீ வெச்சிக்க, நான் தொலச்சிடுவேன்" என்றாள். செய்தித்தாளில் சுற்றி ஸ்டோர் பீரோவின் இரண்டாவது தட்டில் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து டெலிபோன் இலாகாவிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். முதலாளியும் உடன் இருந்தார். மேனேஜர் விளக்கத் தொடங்கி நடுவில் திணறிவிட்டார். நான் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும். வாய் வரவில்லை. ஜரீனா முன்னால் போய், "சார், இத கல்யாண மண்டபம்னு வெச்சிக்குங்க. இந்தக் கார்டு வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புடுறது. இந்த மோடம் எல்லாம் பந்தியில பரிமாறுற ஆளுங்க. ஒரு ஆளுக்கு ஒரு இலைதான்" என்றாள். அதிகாரி சிரித்துவிட்டார். "ஏம்மா, முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன், இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்லை" என்றார். அன்றைக்கே பெட்டியின் பொறுப்பு அவளுக்கு என்று முடிவாகிவிட்டது. எனக்கு ஸ்டோர் பொறுப்பும் மத்தியான ஷிஃப்டும். நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னேன். அந்தச் சிரிப்பு முகத்தில் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பொறாமை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்கிறேன். நீ மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு அவள். என்ன புடவை கட்டி வருவாள், மேனேஜர் அவளை எத்தனை தடவை உள்ளே கூப்பிடுவார் என்று எண்ணுவேன். அவளுக்குச் சளி பிடித்தால் கஷாயம் போட்டு ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போவேன், அவள் ஒரு நாள் லீவு போட்டால் சந்தோஷப்படுவேன். இரண்டும் ஒரே நெஞ்சில் நடக்கும். அவள் எனக்குத் துரோகம் ஏதாவது செய்திருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். அவள் ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் என்னை வாட்டியது.

அந்த வருஷம் கோடையில் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: முகப்பேரில் இன்னொரு மையம் திறக்கப் போகிறோம், இதைவிட இரண்டு மடங்கு பெரிய பெட்டி வருகிறது, அதற்கு ஒருவரை ஒரு மாதம் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறோம், ஜரீனாதான் போகிறாள், திரும்பி வந்ததும் முகப்பேர் மையம் அவள் கையில். எல்லோரும் கை தட்டினார்கள். ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் நம் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தப் பொண்ணுக்குப் பேசத் தெரியுது. உனக்கு வேலை தெரியும், பேசத் தெரியாது. விடு" என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது அடுப்பில் எண்ணெய் ஊற்றினது மாதிரி ஆயிற்று.

அடுத்த வாரம் இரண்டு மோடம் கார்டுகள் கெட்டுப்போயின. அவற்றைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும். அப்படியென்றால் இரண்டு சந்து காலியாகும். ஜரீனா ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். கையில் ஸ்க்ரூ டிரைவர், நெற்றியில் வியர்வை.

"ஏன்டி, அன்னிக்கு உன் கைல குடுத்தேனே ரெண்டு தகடு, எங்க கீது?"

நான் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. "அது ஹெட் ஆபீஸுக்குத் திருப்பி அனுப்பியாச்சு. அவங்கதான் கேட்டாங்க" என்றேன்.

நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அது உண்மை. ஆனால் சொல்லி முடித்ததும் திருத்திக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. அவள் உடனே போகவில்லை. "அடப்பாவி, இப்ப இன்னா பண்றது" என்று கதவில் சாய்ந்து யோசித்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கை நீட்டினால் எட்டும் பீரோ. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவையாவது அவளுக்கு ஒன்று கிடைக்காமல் போகட்டும், மேனேஜரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கட்டும் என்று மட்டும்தான் என் புத்தி அப்போது போயிற்று.

அவள் மேனேஜரிடம் போகவில்லை. ஒரு அட்டைப்பெட்டியை அளவாக வெட்டி, இரண்டு சந்துகளையும் மூடி, நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். புதுத் தகடு வேண்டும் என்று ஹெட் ஆபீஸுக்கு எழுதியும் போட்டாள். அப்போதைக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. கூட்டம் இல்லாத நாட்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முந்தின நாள். ரிசல்ட்டை இன்டர்நெட்டில் போடுகிறார்கள் என்று எல்லா பிரௌசிங் சென்டர் வாசலிலும் எழுதி வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணி இருக்கும், ஜரீனா வீட்டுக்குப் போய்விட்டாள், என் ஷிஃப்ட். பெட்டி அறைக்குள் போனேன். ஒரு அட்டை கழன்று தரையில் கிடந்தது. சூட்டில் டேப்பின் பசை இளகிவிட்டது. மற்றதும் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. காலிச் சந்து வழியாகக் காற்று என் முகத்தில் வீசியது. குனிந்து அட்டையை எடுத்தேன். டேப் மேஜை டிராயரில்தான் இருந்தது. ஒட்டுவதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. அட்டையை மேஜை மேல் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். காலையில் அவள் வந்து பார்த்துக்கொள்வாள், அவள் பொறுப்புத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினேன். மகனே, முதல் பொய்க்காவது நாக்கு முந்திக்கொண்டது என்று சொல்லலாம். இதற்கு அப்படி ஒன்றும் சொல்ல எனக்கு இல்லை.

மறுநாள் எல்லோரையும் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். ஜரீனா வந்ததும் மேனேஜர் அவளைக் கீழேயே போன் முன்னால் உட்கார வைத்துவிட்டார். அத்தனை பிரௌசிங் சென்டர்காரர்களும் ஒரே சமயத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மாடிக்குப் போகவே முடியவில்லை. ரிசல்ட் வெளியானதும் அத்தனை லைனும் நிரம்பியது. அரைமணி நேரம் தாங்கியது. அப்புறம் ஒவ்வொன்றாக அறுந்தது. காலிச் சந்துக்குப் பக்கத்துக் கார்டுகளில் மோடம்கள் சூட்டில் உறைந்துபோயின. அது மட்டும் என்றால் பரவாயில்லை, செத்த மோடமைக் காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்டி புது அழைப்புகளை அதற்கே அனுப்பியது. டயல் செய்கிறவர்களுக்குக் கத்தலும் இல்லை, இரைச்சலும் இல்லை, வெறும் நிசப்தம். ஆவடியிலிருந்து ஒரு சென்டர்காரர் கூப்பிட்டார். போனை நான்தான் எடுத்தேன். "மேடம், ஐம்பது பேரு நிக்கிறாங்க. ஒரு பொண்ணு காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்காம நிக்குது. ஏதாவது ஒரு பதில் சொல்லுங்க" என்றார். நான் போனை வைத்தேன்.

ஜரீனா மாடிக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். கார்டின் ஓரத்தைத் தொட்டவள் கையை உதறினாள். அதற்குள் மேனேஜரும் முதலாளியும் வந்துவிட்டார்கள். முதலாளி மேஜை மேல் கிடந்த அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிஸ்கட் கம்பெனியின் படம் போட்ட அட்டை.

"இது என்ன?"

"காலி ஸ்லாட்டுக்கு வெச்சிருந்தேன் சார். தகடு வரலை. எழுதிப் போட்டிருக்கேன்."

"இத்தனை பெரிய மெஷினுக்கு நீ பிஸ்கட் அட்டையை ஒட்டி வெச்சிருக்கே. உன்னைப் பெங்களூருக்கு வேற அனுப்பச் சொல்றாரு இவரு."

மேனேஜர் தரையைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். அதிகாரிகள் முன்னால் வராத பேச்சு அப்போது வந்தது. "சார், ஸ்டோர்ல ஒரு தடவை தேடிப் பார்க்கட்டுமா?" என்றேன். இரண்டு நிமிஷத்தில் தகடுகளோடு திரும்பி வந்தேன். சுற்றியிருந்த செய்தித்தாளைக்கூடப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். நானே திருகினேன். பின்னால் ஒரு டேபிள் ஃபேனை வைத்து, சூடான கார்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி ஆற வைத்து மறுபடி ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில் எல்லா லைனும் வந்துவிட்டது. முதலாளி என் தோள் பக்கம் நின்று, "இந்தம்மாதான்யா ஆளு. சத்தமே இல்லாம வேலை நடக்குது" என்றார்.

ஜரீனா சுவர் ஓரமாக நின்றிருந்தாள். அவர்கள் போனபின் கேட்டாள், "கெடச்சிதா?"

"கெடச்சிது" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. வாடிக்கையாளர் போன் எடுக்கிற மேஜைக்கு அவளை மாற்றினார்கள். மூன்று மாதம் அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு வேலையை விட்டாள். பெங்களூருக்கு நான் போனேன். உனக்கு அங்கிருந்து ஒரு பேட்டரி கார் வாங்கி வந்தேன், நீ அதை ஒரே நாளில் பிரித்துப் போட்டாய். முதல் நாள் வகுப்பிலேயே பயிற்சியாளர் ஒரு தகட்டைத் தூக்கிக் காட்டி, "எல்லோரும் அலட்சியம் செய்வது இதைத்தான்" என்று ஆரம்பித்தார். நான் அந்த மணி நேரம் முழுக்க நோட்டுப் புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகப்பேர் மையத்தை மூன்று வருஷம் நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன். ஆனால் எந்த வேலையைச் செய்தாலும், இதை அவள் இன்னும் சீக்கிரம் முடித்திருப்பாள் என்று தோன்றும். அவள் இடத்தில் உட்கார்ந்தும் பொறாமை தீரவில்லை. முன்பு அவள் பேச்சின் மேல் பொறாமை. பிறகு அவள் பேசாமல் இருந்ததன் மேல் பொறாமை. என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வாய்ப்பு கையில் இருந்தும் விட்டாளே, என்னால் அது முடிந்திருக்குமா என்று.

உன் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்தபின் நான்கு நாள் யோசித்தேன். நேற்றுக் காலையில் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, உன் அப்பாவிடம் ஜவுளிக்கடைக்கு என்று சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். பஜாரில் விசாரித்ததில் பாரிவாக்கம் பக்கம் வீடு கட்டிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆட்டோவில் போனேன். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க இன்வெர்ட்டர் போர்டு ரிப்பேர் செய்யும் இடம். எட்டுப் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜரீனா நரைத்த தலையில் முக்காடோடு ஒரு பெண்ணின் தோளுக்கு மேல் குனிந்து ஏதோ காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "வா. குந்து" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவளைப் போல.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். பீரோ, செய்தித்தாள், முந்தின நாள் சாயங்காலம், மேஜை மேல் வைத்த அட்டை, எல்லாம். அவள் கையிலிருந்த மீட்டரை அணைத்து வைத்தாள்.

"தகடு விஷயம் எனக்கு அன்னிக்கே தெரியும். நீ ரெண்டு நிமிஷத்துல வந்தியே, அப்பவே தெரியும். அட்ட உழுந்தத நீ பாத்தன்றது மட்டும் இப்பதான் தெரியுது."

"ஏன் ஜரீனா அன்னிக்குச் சொல்லலை? மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வாய் வரிக்கும் வந்துச்சி. சொன்னா இன்னா ஆவும்? ரெண்டு பொம்பளைங்க சண்ட போட்டுக்கினு கீறாங்கன்னு சிரிப்பானுங்க. அதுக்கப்புறம் எந்தப் பொம்பளையையும் அந்த ரூமுக்குள்ள உடமாட்டானுங்க. அதான்." மீட்டரின் ஒயரைச் சுற்றி வைத்தாள். "உன் மேல பெருந்தன்மையெல்லாம் இல்ல. ரொம்ப நாள் உன்ன மனசுக்குள்ள திட்டிக்கினு இருந்தேன்."

இத்தனை வருஷம் நான் பொறாமைப்பட்ட அந்த மௌனத்துக்கு அவள் சொன்ன காரணம் இது. அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். "எனக்கு உன்மேல பொறாமை ஜரீனா. அதுதான் காரணம், வேற ஒண்ணும் இல்லை" என்றேன். இந்த வார்த்தையை வாய்விட்டு ஒருவரிடம் சொல்வது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா பெங்களூர உனக்கு உட்டுக் குடுத்திருக்க மாட்டேன். அது என்னுது. ஆனா உன்னையும் அனுப்புங்கன்னு சண்ட போட்டிருப்பேன். ரெண்டு பேரும் போயிருப்போம். போவலன்னாலும், தகடு எங்க கீதுன்னு சொல்லியிருப்ப."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்திரிகையை வாங்கி உன் பெயரையும் தாரிணி பெயரையும் சத்தமாகப் படித்தாள். "பையனுக்காக வரேன்" என்றாள். எனக்காக என்று சொல்லவில்லை, அதைக் கவனித்தேன். அந்தப் பெண்கள் அவளிடம் சந்தேகம் கேட்க வந்து வந்து போனார்கள். ஒவ்வொருத்தியிடமும் அவள் பேசும் விதத்தைப் பார்த்தபோது எனக்குள் மறுபடி அது எழுந்தது, இத்தனைக்கும் பிறகு. இந்த முறை விழுங்கவில்லை. "இதையெல்லாம் பார்த்தா எனக்கு இப்பவும் வயிறு எரியுதுடி" என்றேன். அவள் எழுந்து கை கழுவப் போனபடி, "எரியட்டும். சாப்ட்டுப் போ" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

தாரிணி போவதா வேண்டாமா என்று நான் சொல்ல வரவில்லை. அது அவளுக்குக் கிடைத்தது, முடிவும் அவளுடையது. கல்யாணம், குடும்பம், ஊர் என்ன சொல்லும் என்ற காரணங்களை எடுத்து அவள் முன்னால் வைக்காதே. அவையெல்லாம் நல்ல காரணங்கள்தான், உன்னுடையது அவற்றில் இல்லை. நீ சொல்லாமல் விட்டால் அது உனக்குள் சும்மா இருக்காது. ஒரு நாள் அவள் அவசரமாக ஏதோ ஒன்று கேட்பாள், உன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், நீ இல்லை என்பாய். உன்னிடம் உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்: எனக்குக் கிடைக்கவில்லை, உனக்குக் கிடைத்தது, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கேட்டு அவள் சிரிக்கலாம், கோபப்படலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். எனக்கு இதைச் சொல்ல இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு நல்ல சிநேகிதி போனாள். உனக்கு இன்று ஒரு சாயங்காலம் போதும்.

தாரிணி ஆறு மணிக்கு உன்னைப் பார்க்க வருகிறாள் என்று சொன்னாய். நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போகிறேன், வீடு காலியாக இருக்கும். டிகாக்‌ஷன் போட்டு வைத்திருக்கிறேன், பாலை மட்டும் காய்ச்சிக்கொள்.

அம்மா